கல் சொல்லும் கணக்கு

"இவ்வளவு பெரிய கல்ல எத்தனை பேருப்பா தூக்கியிருப்பாங்க?"

கேட்டவர் நம் தாயார். கேட்ட இடம், தஞ்சைப் பெரிய கோயில். கேட்ட நாள், காணும் பொங்கல்.

முப்பது ஆண்டுக் காலம் சித்தாளாகச் செங்கல் சுமந்தவர் அவர். சாந்துச் சட்டி தூக்கித் தூக்கித் தலையின் நடுவிலே முடி தேய்ந்தவர். அந்தச் சட்டிக் காசில்தான் நாம் பள்ளிக்கூடம் போனோம்; பத்து எழுத்துப் படித்தோம்; இன்று பத்திரிகையில் எழுதுகிறோம். ஒரு கட்டடத்தைக் கண்டால் கவிஞன் அழகைப் பார்ப்பான், பணக்காரன் விலையைப் பார்ப்பான். நம் தாயார் சுமையைப் பார்ப்பார். அண்ணாந்து பார்த்தார், கழுத்தைத் தடவிக்கொண்டார், கேட்டார்.

தோழர்களே, ஒரு குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். எத்தனை மேடைகளில் முழங்கியிருப்போம், "தஞ்சையைப் பார்! தமிழன் எழுப்பிய விண்முட்டும் விமானத்தைப் பார்!" என்று! கைதட்டல் வாங்கினோம், சோடா குடித்தோம், அடுத்த ஊருக்குப் போனோம். பெற்ற தாயை, ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் அந்தக் கோயிலுக்கு ஒரு நாளேனும் அழைத்துச் சென்றோமா? இல்லை. அவரும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்பது அன்று மாலைதான் நமக்குத் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் கல்வெட்டு பற்றிப் பாடம் நடந்ததாம். "அப்பா, நேரில் பார்க்க வேண்டும்" என்று பிடித்த பிடி, உடும்புப் பிடி! ஆகவே நாம், துணைவியார், தாயார், மகள், ஒன்றாம் வகுப்புச் சின்னவன், ஆக ஐவர். கையில் புளிச்சோற்றுப் பொட்டலம். பையில் கல்வெட்டு வாசகங்கள் அச்சான பழைய நூல் ஒன்று. பேருந்தில் நிற்க இடமில்லை, பொங்கல் கூட்டம். சின்னவன் யாரோ ஒரு பெரியவர் மடியில் உறங்கியபடியே தஞ்சை வந்து சேர்ந்தான்.

அகழியைத் தாண்டினோம். கேரளாந்தகன் திருவாயில் எதிரே நின்றது. சேரனை வென்றதற்கு நினைவாக அந்தப் பெயர். அடுத்தது இராசராசன் திருவாயில். அதையும் கடந்தால் நந்தி. முதல் நாள் மாட்டுப் பொங்கல் என்பதால் காய்களாலும் கனிகளாலும் அதற்கு அலங்காரம் நடந்து முடிந்திருந்தது. நந்திக்கு அப்பால், நீலவானில், ஏறத்தாழ 216 அடி உயர விமானம்.

சின்னவனின் வாய் திறந்தது, மூட மறந்தான்.

அப்போதுதான் வந்து சேர்ந்தார் ஒரு வழிகாட்டி. "சார், விளக்கிச் சொல்றேன், இருக்கிறத குடுங்க" என்றார். பாவம், அவருக்கும் வயிறு இருக்கிறது. சரி என்றோம்.

அவர் அவிழ்த்தார் அற்புத மூட்டையை! இந்த நந்தி வளர்ந்துகொண்டே போயிற்றாம், முதுகில் ஓர் ஆணி அடித்தார்களாம், நின்றுவிட்டதாம். விமானத்தின் உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல்லாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த விமானத்தின் நிழல் தரையில் விழவே விழாதாம்!

சுற்றி நின்றவர்கள் "அடடா" என்றனர். கன்னத்தில் போட்டுக்கொண்டார் ஒருவர்.

நம் சின்னவன் மட்டும் வழிகாட்டியின் வேட்டியை இழுத்தான். "மாமா, அப்ப இது என்ன?" என்றான்.

அவன் கால் பதித்து நின்ற இடத்தில் நிழல்! தை மாதத்து மாலை வெயில் தென்மேற்கிலிருந்து சாய்ந்துகொண்டிருந்தது; வடகிழக்கே, முற்றத்திலே, நீண்டு கிடந்தது விமானத்தின் நிழல். அந்த நிழலிலேதான் பத்துப் பதினைந்து குடும்பங்கள் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தன. "நிழல் விழாது" என்று கேட்டுத் தலையாட்டியவர்களும் அதே நிழலிலே நின்றுதான் தலையாட்டினர்! என்னே வேடிக்கை! கண் பார்க்கிறது, காது கேட்கிறது. கண்ணை நம்பாமல் காதை நம்புகிறான் மனிதன்.

வழிகாட்டி சிரித்துவிட்டார். "பொடியன் கெட்டிக்காரன் சார். நானும் எங்கப்பா சொன்னதத்தான் சொல்றேன்" என்றார். நல்ல மனிதர். அவர்மீது நமக்குக் கோபமில்லை.

மற்ற இரண்டையும் சொல்லிவிடுவோம். அந்த நந்தி இராசராசன் காலத்ததே அல்ல. பின்னால் வந்த நாயக்கர் காலத்தது. ஆணியும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. உச்சிக் கல்லோ, ஒரே கல் அல்ல, பல கற்களை இணைத்துச் சேர்த்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதனால் தமிழன் பெருமை குறைந்துவிடுமா? ஒரே கல்லை ஏதோ ஒரு மாயத்தால் ஏற்றினான் என்பதைவிட, பல கற்களைச் செதுக்கி, அளந்து, மயிரிழை பிசகாமல் அந்த உயரத்தில் பொருத்தினான் என்பதல்லவா பெருமை! மாயம் என்றால் தச்சனுக்கு என்ன வேலை? அற்புதம் என்றால் சுமந்தவனுக்கு என்ன கூலி? புராணம் புகுந்த இடமெல்லாம் உழைத்தவன் வெளியேற்றப்படுகிறான். இதுதான் நாம் காலமெல்லாம் சொல்லி வருவது.

கேளுங்கள், இன்னொரு கொடுமையை. இந்தக் கோயிலைக் கட்டியவன் யார் என்பதே மக்களுக்கு மறந்துபோயிருந்தது. தல புராணம் ஒன்று, கரிகால் சோழன் தொழுநோய் தீர்ந்து கட்டினான் என்று கதை கட்டியது. அதையே பலரும் நம்பினர். கட்டிய மன்னன் பெயரோ கோயில் சுவரில், அடித்தளம் முழுதும், தமிழிலே, ஆயிரம் இடங்களில் வெட்டிக் கிடக்கிறது! கோயிலுக்குள் நாள்தோறும் மணி அடித்தது. சுவரை யாரும் படிக்கவில்லை. 1886-இல் சென்னை அரசு கல்வெட்டு ஆய்வாளராக அமர்த்திய ஹுல்ஷ் என்ற செருமானியர் வந்து படித்தார். தமிழனின் கோயிலில் தமிழன் எழுதிய தமிழைப் படித்துச் சொல்ல, கடல் கடந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. வெட்கம்தான். ஆனாலும் அவருக்கு நன்றி.

அந்தச் சுவரருகே சென்றோம். மகள் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தடவினால் தேயும் என்று சொல்லி நாம்தான் கையை விலக்கினோம். "அப்பா, இது 'ட'! இது 'ப'! இது 'க' மாதிரி இருக்கு!" ஆயிரம் ஆண்டுக்கு முன்னே ஒரு கல்தச்சன் உளியால் எழுதியதை, மன்னார்குடிப் பக்கத்து அரசுப் பள்ளி மாணவி எழுத்துக்கூட்டுகிறாள். அந்த ஒரு காட்சிக்காகவே பேருந்தில் நின்றுகொண்டு வந்தது தகும் என்று தோன்றிற்று.

நிழலிலே அமர்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். நாம் நூலைப் பிரித்தோம். படிக்கப் படிக்கத் தாயார் புளிச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

இது கோயிலா, கணக்குப் புத்தகமா என்று ஐயம் வரும், தோழர்களே! விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்தான் மன்னன்: தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு, 275-ஆம் நாள், கி.பி. 1010. செம்பு எவ்வளவு? 3083 பலம். மேலே வேய்ந்த பொன் எவ்வளவு? 2926½ கழஞ்சு. அந்த அரையைக் கவனியுங்கள்! அரைக் கழஞ்சையும் விடவில்லை, வெட்டிவிட்டான் கல்லிலே. நகைகளை நிறுத்தபோது அரக்கு எவ்வளவு, சரடு எவ்வளவு என்றுகூடக் கழித்து எழுதியிருக்கிறார்கள். இக்காலத்துக் குத்தகைக் கணக்கை இப்படிக் கல்லில் வெட்டி ஊர் நடுவில் வைக்கச் சொன்னால் எத்தனை பேர் ஊரில் இருப்பார்கள்?

பொன் வந்த வழியையும் மறைக்கவில்லை. சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்தது என்று அந்தக் கல்லே சொல்கிறது. சேரனும் தமிழன். பாண்டியனும் தமிழன். இதை மேடையில் நாம் விரைவாகத் தாண்டிவிடுவது வழக்கம். அன்று மகள் முன்னிலையில் தாண்ட முடியவில்லை.

பிறகு ஆட்கள் பட்டியல். தலைமைத் தச்சன் பெயர் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். மன்னன் தன் பெயரையே அந்தத் தொழிலாளிக்குப் பட்டமாகக் கொடுத்திருக்கிறான்! தாஜ்மகாலைக் கட்டிய தலைமைச் சிற்பி யார் என்று இன்றும் வாதிடுகிறார்கள். இங்கே வாதத்துக்கு இடமில்லை. குடை பிடிப்போர், விளக்கு ஏற்றுவோர், நீர் தெளிப்போர், கலம் வனையும் குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தட்டார், தச்சர், கணக்கர் என்று பட்டியல் நீளுகிறது. இன்னாருக்கு இத்தனை பங்கு நெல் என்று உரிமையும் எழுதியிருக்கிறது.

தாயாரின் முகம் மலர்ந்தது. "வேல செஞ்சவனுக்கு மரியாத குடுத்திருக்கான், மகராசன்" என்றார். ஒரு வாய் சோறு உண்டார். பிறகு கேட்டார்.

"கல்லு தூக்குனவங்க பேரு எங்கப்பா?"

புரட்டினோம். பெருந்தச்சன் இருக்கிறான். அவனுக்குக் கீழே இருந்த தச்சர் இருவர் இருக்கிறார்கள். தூக்கியவர்கள் இல்லை. தஞ்சையைச் சுற்றி மலை ஏது? எல்லாம் வயல், வண்டல். வெகு தொலைவிலிருந்து வெட்டி, ஏற்றி, இழுத்து, உயர்த்தி வைத்தவர்களின் பெயர் அரைக் கழஞ்சுக்கும் கணக்கு எழுதிய அந்தக் கல்லில் இல்லை.

"அப்பவும் அப்படித்தானா?" என்றார் தாயார். வேறொன்றும் சொல்லவில்லை.

பெண்கள் பெயர் மட்டும் ஏராளம்! தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர். ஆடவும் பாடவும் அமர்த்தப்பட்டவர்கள். தெரு எது, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எல்லாம் இருக்கிறது. சேரமங்கை, எடுத்தபாதம் என்று எவ்வளவு அழகான பெயர்கள்! ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். 2010-ஆம் ஆண்டு செப்டம்பரில் இக்கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழா நடந்தபோது, இதே முற்றத்தில் ஆயிரம் பேர் பரதம் ஆடினார்கள். நாம் நம் பெருமிதத்தை விரித்துக்கொண்டிருந்தோம்.

துணைவியார் குறுக்கிட்டார். "ஏங்க, ஊர் ஊரா இருந்து கூட்டிட்டு வந்தாங்களே, வரட்டுமான்னு அந்தப் பொண்ணுங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

மேடையில் இப்படி ஒரு கேள்வி எழுந்ததில்லை நமக்கு. கல்லில் அதற்கு விடையில்லை. நூறு கலம் நெல் பெற்ற அந்தக் கலைச்செல்விகளுக்கு ஊரில் மதிப்பும் சொத்தும் இருந்தன என்பது உண்மை. நூற்றாண்டுகள் உருண்டபோது, பொட்டுக்கட்டு என்ற பெயரில் அந்த வழக்கம் எந்தப் பள்ளத்தில் போய் விழுந்தது என்பதும் உண்மை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் போராடிப் போராடி, 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டத்தால் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. மூவலூர் எங்கே? இதே காவிரிக் கரையில்தான்.

தமிழ் பாடியவர்கள் கணக்கும் உண்டு. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேர். உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர். ஆக ஐம்பது பேர். கோயில் எழுந்த காலத்திலேயே உள்ளே தமிழ் ஒலித்தது. 2020 பிப்ரவரி 5-ஆம் நாள் குடமுழுக்கு நடந்தபோது என்ன நிலை? தமிழிலும் நடத்துக என்று தமிழர்கள் உயர்நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது! தமிழ், வடமொழி இரண்டிலும் நடத்த வழி பிறந்தது. இராசராசன் ஐம்பது பேரை அமர்த்திக் கொடுத்ததை, வழக்கறிஞரை அமர்த்திப் பெற்றான் அவன் பேரன்.

இவ்வளவும் சொல்லி முடித்து நூலை மூடப்போனோம். மகள் விடவில்லை. "அப்பா, தளிச்சேரின்னா கோயில் பக்கத்துத் தெருவா? அப்ப 'சேரி'ங்கிறது நல்ல சொல்தானே?" என்றாள்.

நல்ல சொல்தான். சேர்ந்து வாழும் இடம் சேரி. ஆடல் மகளிர் வாழ்ந்தது தளிச்சேரி. ஆனால் அந்தக் கேள்விக்கு முழு விடை அடுத்த பக்கங்களில் இருப்பது நமக்குத் தெரியும். படிப்பதா, விடுவதா? ஒரு கணம் தயங்கினோம். ஊருக்கெல்லாம் உண்மை பேசுகிறோம் என்று சொல்லிக்கொள்பவன் பெற்ற பெண்ணிடம் மறைப்பதா? பிரித்தோம்.

கோயிலுக்கு நெல் அளக்க மன்னன் எழுதிவைத்த ஊர்களின் பட்டியல் அது. ஒவ்வோர் ஊரிலும் எந்த எந்த நிலத்துக்கு வரி இல்லை என்று கழித்து எழுதுகிறான்: ஊர் இருக்கை, கோயில், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால். கூடவே வருகின்றன கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி. சுடுகாட்டிலும் பிரிவு, பறைச்சுடுகாடு என்று தனியே. தோழர்களே, ஓரிடத்தில் பட்டப்பகல் போல் வெட்டியிருக்கிறது இன்னொரு பெயர்: தீண்டாச்சேரி.

மகள் அந்தச் சொல்லைத் தன் ஏட்டில் எழுதினாள். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாயார் அப்போதுதான் சொன்னார், இதுவரை நம்மிடம் சொல்லாத ஒன்றை. "எங்க தாத்தா மிராசுதாருக்கு நெல்லு மூட்ட ஏத்திக்கிட்டு வண்டியோட தஞ்சாவூரு வருவாராம். வண்டிய அவுத்துப் போட்டுட்டு, அகழிக்கு அந்தாண்ட ரோட்டுல நின்னு கோபுரத்தப் பாத்துட்டுத் திரும்பிடுவாராம். கதவு தொறந்தாச்சு, எல்லாரும் போலாம்னு சொன்னப்புறமும் அவரு உள்ள போகல. பழகிப்போச்சுன்னுட்டாராம். எங்கப்பாவும் போகல. நானும்தான் போகணும்னு நினைச்சதில்ல."

திறந்தது எப்போது தெரியுமா? மதராஸ் மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்த 1939-ஆம் ஆண்டு. கோயில் எழுந்தது 1010. கழித்துப் பாருங்கள்: 929. ஒன்பது நூற்றாண்டுக்கு மேல்! பேரூர் இடையே பள்ளிக்கூடம் கட்டிவிட்டுப் பிள்ளைகளை வெளியே நிறுத்தியது போல. சட்டம் கதவைத் திறந்துவிடும், கால் தயங்கும். அந்தத் தயக்கம் இரண்டு தலைமுறை நின்று, மூன்றாம் தலைமுறையில், நம் தாயார் வடிவில், அன்று பிற்பகல் மூன்றரை மணிக்குக் கேரளாந்தகன் திருவாயிலைத் தாண்டியிருக்கிறது. நமக்கோ அப்போது செருப்பை எங்கே விடுவது என்பதுதான் கவலை!

ஆகவே இராசராசனைத் தூற்றுவதா? அப்படிச் சொல்லவில்லை. போற்றுவதா? கண்ணை மூடிக்கொண்டு போற்றவும் முடியாது. 1987-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னம் என்று ஏற்றுக்கொண்டது, நெஞ்சு நிமிர்கிறது. அதே நெஞ்சில் தீண்டாச்சேரி என்ற எழுத்தும் குத்துகிறது. ஒன்றை மட்டும் சொல்லலாம்: அந்த மன்னன் மறைக்கவில்லை. குடத்தின் பொன்னையும் எழுதினான், குடியின் பிரிவையும் எழுதினான். மறைத்தவர்கள், நிழல் விழாது என்று நமக்குக் கதை சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்ப விடாமல் செய்தவர்கள்.

வெயில் தாழ்ந்தது. விமானம் பொன்னிறம் பூண்டது. சின்னவன் தென்னைநார் விரிப்பின்மீது ஓடிக்கொண்டிருந்தான். எழுந்தோம். வெளியே பூங்காவில் இராசராசன் சிலை நிற்கிறது. அதைக் கோயிலுக்குள் வைக்கத் தமிழக அரசு விரும்பியது, நடுவண் அரசு இசையவில்லை. கட்டியவன் வெளியே. அதைப் பார்த்துத் தாயார், "இவரும் எங்க தாத்தா நின்ன பக்கந்தான் நிக்கிறாரா?" என்றாரே பார்க்கலாம்! துணைவியார் சிரித்த சிரிப்பில் சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தனர்.

ஆனால் வெளியே வருவதற்கு முன் ஒன்று நடந்தது. நாம் உட்கார்ந்திருந்த இடத்தில் இலையையும் தாளையும் பொறுக்கிக்கொண்டிருந்தார் தாயார். துடைப்பத்தோடு ஓர் அம்மையார் வந்தார். "வச்சிருங்கம்மா, நான் கூட்டிக்கிறேன்" என்றார்.

"காலைலேருந்தா கூட்டுற?" என்றார் தாயார்.

"விடியக்காலைலேருந்து. விசேச நாளுல்ல? ஆளு வந்துக்கிட்டே இருக்கு, குப்ப விழுந்துக்கிட்டே இருக்கு."

"சாப்டியா?"

அவர் பதில் சொல்லவில்லை. மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தார் தாயார். இருவரும் தரையில் உட்கார்ந்தனர். எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்க, இடுப்பு வலிக்கு என்ன செய்யிற என்று பேச்சு ஓடியது. பேருந்துக்கு நேரமாயிற்று என்று நாம் இருமுறை சொல்லிப் பார்த்தோம், பலிக்கவில்லை.

மகள் ஏட்டைப் புரட்டினாள். குஞ்சரமல்லன் என்று எழுதியிருந்த பக்கத்தை எடுத்தாள். "உங்க பேர் என்ன பெரியம்மா?" என்று கேட்டாள்.

"எம் பேரு எதுக்கு ஆயி உனக்கு?" என்று சிரித்தார் அந்த அம்மையார். பிறகு சொன்னார். எந்த ஊர், எந்தத் தெரு என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டாள் மகள்.

ஏழு மணிப் பேருந்து போய்விட்டது. எட்டு மணிக்குத்தான் அடுத்தது கிடைத்தது.